செல்வியக்கா கொடுத்த பொதிச்சோறு

ஜூலை 9, இரவு

கீழ்வீட்டுச் செல்வியக்காவின் கணவர் குடோனில் மூட்டையோடு விழுந்ததிலிருந்து படுக்கைதான். இரண்டு வேளையும் கஞ்சி. வீட்டுக்கே மதியச் சாப்பாடு கொண்டுவந்து தரும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி, வார்டு சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சியை நான்தான் இன்று கூட்டி வந்தேன்.

வாசலில் பொதிச்சோறு சேகரிக்கும் பிள்ளைகள் நின்றார்கள். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக வீடு வீடாக வாங்குகிறவர்கள். அக்கா சிரித்துக்கொண்டே இலையில் கட்டிய இரண்டு சோற்றுப் பொதிகளை நீட்டினார். நேற்று நான் கொடுத்த அரிசியில் வடித்த சோறு.

"சோறு கொடுக்குற வீட்டுக்கா மோளே, நீ சோறு கேக்குறே?" என்று என்னிடம் கேட்டார் சேச்சி. பெயரைக்கூட எழுதாமல் போய்விட்டார்.

"ஏன்க்கா இப்படி?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"எல்லா வீட்டுலயும் குடுக்குறாங்க. நம்ம வாசலை மட்டும் தாண்டிப் போகணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம். உள்ளே படுத்திருக்கும் அண்ணனின், அக்கா கணவரின், கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

சேச்சியைப் போனில் கெஞ்சினேன். நாளை வருவார். ஆனால் அக்காவே வாய் திறந்து கேட்க வேண்டுமாம்.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கி வைத்தார். பிறகு, "கேக்குறேன். நீ மட்டும் பக்கத்துல நிக்காத" என்றார்.

நாளை நான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். கேட்டாரா என்று யாரிடம் கேட்பது? அக்காவிடம் முடியாது.