எனக்கென்று ஒரு கார்

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெக்கை. மழை வரும் வரும் என்று வானம் ஏய்க்கிறது.

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். வவுணதீவில் ஒரு கோழிக் கொட்டிலுக்குள் நின்ற பழைய காரில் ஏறியிருந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, வாயால் 'புர்ர்ர்' என்று நான்கு கியரும் மாற்றினேன். வளைவில் ஹோர்ன் வேறு. அதுவும் வாயால். வயது ஐம்பத்து மூன்று. திரும்பினால் யன்னலில் கார்க்காரி கண்ணகை அக்கா, கையில் தவிட்டுச் சட்டி.

"எவடம் மட்டும் போயிட்டீங்க தம்பி?"

"இப்பதான் செங்கலடி தாண்டுறன் அக்கா."

"பாத்துப் போங்க. றோட்டில கோழி நிக்கும்."

வாங்கிவிட்டேன். விலையை எழுத மாட்டேன். என் மனைவி பவளம் (இனி ப.) இந்தக் கொப்பியைத் தொடுவதில்லை என்பது இருபத்தாறு வருட நம்பிக்கை. இருந்தாலும்.

கார்: ஏ-ஃபோட்டி, அந்தக்கால இங்கிலாந்துக் கார். என்னை விட இருபது வயது மூப்பு. நிறம் பச்சையாம், அக்கா சொன்னதால் நம்புகிறேன்.
இருப்பவை: கதவு நான்கு (ஒன்று கயிற்றில்), எஞ்சின், முன் விளக்கு ஒன்று.
இல்லாதவை: மற்ற விளக்கு, பற்றரி, காற்று, பின் சீற்றின் பஞ்சு.
மேலதிகம்: கோழி ஏழு.

அக்காவின் புருசன் இறந்து ஆறு வருடம். "அந்த மனிசன் என்ட எண்டு சொன்னது இந்த ஒண்டைத்தான் தம்பி. மத்ததெல்லாம் என்ட. இதையும் என்ட வளவுக்குள்ளதான் கொண்டந்து விட்டார்."

கொட்டில் பள்ளத்தில். பக்கத்து வயல் வட்டைக்குள் வெள்ளம் வந்தால் கார் சில்லு முட்டத் தண்ணீராம். இன்னொரு மாரியை எஞ்சின் தாங்காது. மழைக்கு முன் கொண்டுபோகாவிட்டால் பழைய இரும்புக்காரனுக்கு. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எங்கே கொண்டுபோவது என்ற யோசனை வீடு திரும்பும் வழியில், வலையிறவுப் பாலத்தில்தான் வந்தது.

ஒக். 15, புதன்

வெயில்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு வரும், ஆண் பெட்டியோடு வருவான். நான் வந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு சைக்கிளோடு. வளவு, கிணறு, தென்னை எல்லாம் ப.வின் சீதனம். கதிரைகள் அவளுடைய அண்ணன் தந்தவை. சைக்கிள் களவு போயிற்று. பெட்டிக்குள் இப்போது அவளுடைய பட்டுச் சேலைகள். என்னுடையது என்று சொல்ல மிச்சம் ஒரு சவரக்கத்தி. அதிலும் அவள்தான் பாக்கு வெட்டிப் பார்த்து, சரிவராமல் விட்டாள்.

ஆகவே இந்தக் கார். இதை யாருக்கும் சொல்லவில்லை, இங்கே மட்டும்.

ப.விடம் விசயத்தைத் திறந்தேன். புட்டவித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமரத்துக்குக் கீழ ஒரு மூலை தந்தாக் காணும்."

"என்னைக் கேட்டு? வளவு என்டயும் இல்ல. போன வருசம் மகளுக்கு எழுதியாச்சி. நீங்கதானே சாட்சிக்குக் கையெழுத்து வச்ச நீங்க."

உண்மை. அன்று நல்ல கோழிக்கறி. அதுதான் ஞாபகம் இருந்தது.

"இன்னொண்டும் சொல்லிப்போட்டன். இந்த வளவுக்குள்ள வாறது எதெண்டாலும் பிள்ளைக்குத்தான். மறுகா வந்து என்ட உன்ட எண்டு கதைக்கப்படா."

சிரித்தேன். கதவைக் கயிற்றில் கட்டிய காருக்கு வாரிசுரிமையா.

ஒக். 18, சனி

மகள் கவிதாவிடம் விண்ணப்பம். களுவாஞ்சிக்குடியில் வேலை, வாரம் முழுக்க பஸ்ஸில் போய்வருகிறாள், இன்றுதான் ஆள் அகப்பட்டாள்.

"எத்தனை அடி நீளம் அப்பா?"

"பதின்மூண்டு."

"ஓடுமா?"

"ஓடினது."

"யோசிச்சிச் சொல்றன்."

தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை. எழுத்தில் தரவா என்று நக்கலாகக் கேட்டேன். "தாங்க, நல்லம்" என்றாள். கொடுத்தேன். எழுத்துப்பிழை இரண்டு திருத்தித் திருப்பித் தந்தாள். பதில் இல்லை.

அடுத்த சங்கடம் வாசல் கேற். இரண்டு கதவில் ஒன்று இருபது வருடமாகக் கம்பி போட்டுக் கட்டியது. அதில் ப.வின் பாகல் கொடி. காலையில் பல் விளக்கும் முன் காயை எண்ணுவாள் (இன்று 11). திறக்கும் பக்கம் நாலடி எட்டங்குலம். கார் ஐந்தடி. ப.வின் தையல் ரேப்பால் மூன்று முறை அளந்தேன். கார் சுருங்கவில்லை.

ஒக். 22, புதன்

பின்னேரம் முதல் தூறல். கண்ணகை அக்காவின் போன்.

"தம்பி, பின் சீற்றில ஒரு கோழி அடையில குந்திற்று. ஒம்பது முட்டை. அடைக்கோழிய எழுப்பப்படா. காரோட சேத்துக் கொண்டு போங்க. பொரிச்சா எனக்குப் பாதி."

"அக்கா, வைக்க இன்னும் இடம்…"

"வானத்தைப் பாருங்க. சனிக்கிழமைக்குப் புறகு நான் பொறுப்பில்ல."

ஒக். 25, சனி

மழை. பெருமழை. கவிதாவின் பதில் இன்னும் இல்லை. போனேன்.

கொட்டிலுக்குள் கணுக்கால் தண்ணீர். வாடகைக்குப் பிடித்த டிரக்டரின் பெட்டியை வரம்போடு சாய்த்து, வட்டைக்குள் நின்ற பத்துப் பேர் தள்ளி ஏற்றினார்கள். கோழி அசையவில்லை. அக்கா அதன்மேல் ஒரு கடகத்தைக் கவிழ்த்து, சாக்கால் மூடி, "நல்லா இரி மகள்" என்றாள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியின் மேல் கார், காருக்குள் நான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. பிடிக்காமல் இருக்க முடியவில்லை. வலையிறவுப் பாலத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அண்ணன், மெதுவாப் பிடிங்க. டிரக்டரை முந்திருவீங்க."

கை காட்டினேன், ஒரு மந்திரியைப் போல. வாவி முழுக்க மழைப் புள்ளி. இவ்வளவு சந்தோசமாக நனைந்து எத்தனை வருடம்.

வீட்டு வாசலில் வந்து நின்றதும் எல்லாம் வடிந்துவிட்டது. நாலடி எட்டங்குலம். டிரக்டர்காரன் இறக்கு இறக்கு என்கிறான். தெருவில் இறக்கினால் இரவுக்குள் வாய்க்கால் பெருகும். ப. குடையோடு வந்தாள், பின்னால் கவிதா. ப. காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டில் எது பழசு என்று யோசித்திருக்க வேண்டும். அப்போது உள்ளே 'கொர்ர்' என்றது.

"அது என்ன?"

"அடைக்கோழி. ஒம்பது முட்டை."

"அடைக்கோழியையா இந்த மழைக்குள்ள தெருவில நிக்க விட்டிருக்கிறீங்க? உங்களுக்கு மனிசத்தன்மை இரிக்கா?"

குசினிக்குப் போனாள், கத்தியோடு வந்தாள். நான் ஓரடி பின்வாங்கினேன். பாகல் கொடியை அடியோடு அறுத்தாள். கவிதா கம்பியை முறுக்கி அவிழ்த்தாள். இருபது வருடத்துக்குப் பிறகு இரண்டு கதவும் திறந்தன. பதினாலு காயையும் ப. மடியில் கட்டிக்கொண்டாள்.

"குஞ்சு பொரிக்கும் மட்டும்தான் அப்பா," என்றாள் கவிதா. "இருபத்தொரு நாள். அதுக்குள்ள ஓடாட்டி இரும்புக்காரன்."

இரவு பாகற்காய்க் கறி. நாளைக்கும் அதுதானாம்.

நவம்பர் 1, சனி

ஹனீபா நானா, காத்தான்குடி மெக்கானிக். பொனற்றைத் திறந்து, தொப்பியைக் கழற்றி, மரியாதையாக நின்றார்.

"மௌத்தாப் போச்சா நானா?"

"இல்ல தம்பி. நித்திரை. ஆனா நல்ல நித்திரை."

காபரேற்றருக்குள் நெல். எயார் கிளீனருக்குள் எலி குடும்பமாக. ப. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறாள், கோழிக்குத் தண்ணீர் வைக்கிறாளாம். போகிற வழியில் முன் விளக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்ததைப் பார்த்தேன். பார்க்காதது போல இருந்தேன்.

நவ. 12, புதன்

மழை. ஏழு குஞ்சு! ஏழில் பாதி எவ்வளவு என்று அக்காவிடம் கேட்க வேண்டும். தவணைக்கு மூன்று நாள். எஞ்சின் இன்னும் இருமலோடு சரி.

நவ. 15, சனி

மழை விட்டது. கடைசி நாள்.

புதுப் பற்றரி, கடன் வாங்கிய சில்லு. ஹனீபா நானா சொன்னார்: "ஒராள் உள்ள, மத்தாக்கள் பின்னால தள்ளுங்க." நான் கதவைத் திறக்கப் போனேன். ப. கேட்டாள்:

"லைசன்ஸ் ஆருக்கிட்ட?"

இதை இதுவரை எழுத மறந்துவிட்டேன். என்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிளுக்கு. காருக்கு இந்த வீட்டில் கவிதா ஒருத்திதான்.

தள்ளினோம். கேற்றடியில் ஒரு குலுக்கல், ஒரு வெடி, புகையில் என் வெள்ளைச் சேட்டு கறுப்புச் சேட்டு. பிறகு புர்ர்ர். அதே புர்ர்ர். நான் கோழிக் கொட்டிலில் போட்ட சத்தம் அச்சொட்டு, நானாவுக்குச் செய்து காட்டினேன், ஒப்புக்கொண்டார்.

கவிதா ஒழுங்கையை இரண்டு சுற்று சுற்றினாள். ஏழு குஞ்சும் பின்னால் ஓடின, அவற்றின் பின்னால் ப., அவளுக்குப் பின்னால் நான். பிள்ளை அப்படி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு நாளாயிற்று.

"அப்பா, நிப்பாட்ட மனம் வருதில்ல!"

நவ. 17, திங்கள்

வெயில். கந்தோரில் அரை நாள் லீவு (பல்வலி, மூன்றாவது முறை).

கண்ணகை அக்கா வந்தாள், தன் பங்கு நாலு குஞ்சாம், எடுத்தாள். காரின் உரிமை மாற்றப் பத்திரம் நிரப்பினோம். விற்பவர்: கண்ணகை அக்கா. வாங்குபவர்: கவிதா. சாட்சி: நான்.