இதுவரை போகாத வரி

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலை முதல் மழை. கொல்கத்தாவில் எங்கள் ஜாதவ்பூர் தெருவில் முழங்கால் தண்ணீர். மருந்துக்கடை மூடல். பிரஷர் மாத்திரை நேற்றே தீர்ந்தது.

வழக்கம்போல் கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர் எனக்காகப் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம். அவர் காலமான பிறகும் காலைதோறும் கேட்கிறது, ஆங்கில எழுத்தில் தமிழ்: "கமலம், மாத்திரை போட்டாயா? Y/N."

இத்தனை நாளும் Y. இன்று பொய் சொல்ல மனமில்லை. கான்வென்ட் வளர்ப்பு. N.

தொண்ணூறாம் வரியில் பிழை என்று நின்றுவிட்டது. PRINT என்பதை PIRNT என்று அடித்திருக்கிறார். என் வீட்டில், எழுத்துப்பிழை.

ஜூலை 9, புதன்

மருமகள் சுதா ஆபீஸ் கிளம்புமுன் பார்த்தாள். செக்டர் ஃபைவ் கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு இதுதான் வேலை.

"மாமா தப்போடயே ஓட்டியிருக்கார், அத்தை."

"தப்பு இருந்தால் எப்படி ஓடும்?"

"இது முழுசும் படிச்சுட்டு ஆரம்பிக்காது. ஒரு வரி படிக்கும், செய்யும், அப்புறம் அடுத்தது. நீங்க N அடிச்சதே இல்ல. அந்தப் பக்கம் இது போனதே இல்ல. போனாத்தான் தப்பு தெரியும்."

திருத்தினாள். மறுபடி N.

"பிடிவாதக்காரி. நான் வந்து எடுத்துத் தரட்டுமா? Y/N."

சுதா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"Y-க்கு என்ன எழுதியிருக்கார்னு பார்க்கவா? எல்லா வரியையும் திரையில போடலாம்."

"வேண்டாம். அவர் சொல்லுமுன் படிப்பது மரியாதையில்லை."

ஜூலை 10, வியாழன்

மாத்திரை வந்தது. அட்டையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் Y சொல்ல வேண்டும்; "சரி, காபி குடி" என்று முடித்துவிடும்.

இரண்டு கேள்விக்கும் N என்றால் மேலே போய் முதலிலிருந்து கேட்கிறார். காலை முழுவதும் N.

வேலைக்கு வரும் மாலதி, துடைப்பத்தோடு வாசற்படியில், வங்காளத்தில்: "மாஷிமா, யாரோட பேசறீங்க?"

"யாரோடும் இல்லை" என்றேன். பொய்.

ஜூலை 11, வெள்ளி

பாத்திரம் கட்டியாயிற்று. திரைச்சீலை பாக்கி. நாளை நியூ டவுனில் புது வீட்டுக்குக் குடிபோகிறோம். கம்ப்யூட்டர் பழைய சாமான்காரனுக்கு. மகன் ஏற்பாடு; என்னைக் கேட்கவில்லை.

பிடரியில் வலி. எழுத்துகள் இரண்டிரண்டாக.

சுதா, கிளம்பும்போது: "மாத்திரையைப் போடுங்க அத்தை. அந்த ரெண்டாவது கேள்வியோட Y-க்குக் கீழேயும் தப்பு இருக்கலாம். அங்கயும் யாரும் போனதில்ல."

"போனால்தான் தெரியும் என்றாயே."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

மழை விட்டிருக்கிறது. வீட்டில் யாருமில்லை. எதிர் நாற்காலியிலிருந்த பெட்டியை இறக்கிவைத்தேன். முதல் கேள்விக்கு N.

வரட்டுமா என்கிறார்.

Y.