கருவிளையின் கன்றுக்கு எந்நாட்டு முறை

நலம் பெருகுக. நெல்லும் நீரும் குறையாத நெடுந்துறை நாட்டின் வேந்தர், கலங்கரைப் பெருமான் ஆழிக்கோமான் திருமுன்பு, முகிலடி மலைநாட்டு அரசி நல்லிழையாரின் ஆணைப்படி அமைச்சர் கீரங்கொற்றன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. கடலேறிப் போன தங்கள் மரக்கலங்கள் நலமே மீள்க. இங்கு அரசியாரும் குடிகளும் நலம். மழைதான் சற்று மிகை, ஓலை ஈரமாக வந்து சேர்ந்தால் பொறுத்தருள்க.

இவ்வோலை முறையிட எழுந்ததன்று, நன்றி கூற எழுந்தது. தங்கள் அறங்கூறவையின் தலைவர் பூதனார் எங்கள் பாகன் தேக்கனுக்குச் செய்ததை இம்மலை மறவாது.

தங்கள் கோயில் அதிகாரி மருதநம்பி மலையேறி வந்து, தேர்த்திருவிழாவுக்கென எங்கள் பெண்யானை கருவிளையை எங்கள் முறைப்படி இரவலாகப் பெற்றுச் சென்றார். பாகன் தேக்கனும் உடன் சென்றான். விழா முடிந்த கையோடு கருவிளை அங்கேயே, கோயில் வாய்க்கால் கரையில், கன்று ஈன்றது. தேக்கன் இரண்டையும் ஓட்டிக்கொண்டு புறப்படும் வேளையில், கோயில் மண்ணில் விழுந்தது கோயிலுக்கே உரியதென்று நம்பியார் கன்றைக் கட்டிவைத்து வழக்கிட்டார். கன்றைப் பிரித்த அன்றே கருவிளை கவளம் தொட மறுத்தது. இப்படியே போனால் தாயும் பிழைக்காது, பால் மறவாத கன்றும் பிழைக்காது என்று தேக்கன் தவித்துப்போனான்.

தங்கள் நகரில் தங்கியிருக்கும் எங்கள் தூதருக்குத் தங்கள் அவையின் வழக்கம் தெரியும். வாயிலில் உள்ள கல்தொட்டியில் கால் கழுவி உள்ளே வருபவன் அவையின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவன். அயல்நாட்டான் வெளியே நின்றபடியே, என்னை விசாரிக்க உங்களுக்கு உரிமையில்லை என்று மறுக்கலாம். அப்படியே சொல்லிவிட்டுத் திரும்பிவிடு, மற்றதை அரசர்கள் பேசிக்கொள்வார்கள் என்று தூதர் தேக்கனிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். அவனோ சாணமும் சேறுமான காலோடு வாயிலுக்குப் போனான், தொட்டியில் நீரைக் கண்டான், நன்றாகக் கழுவிக்கொண்டு உள்ளே போய் நின்றுவிட்டான். அழுக்குக் காலோடு பிறர் வாசலை மிதிக்க எந்த மலைநாட்டானுக்கு மனம் வரும்? செய்தி கேட்ட இந்த அமைச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்தது உண்மை.

அவைக்குக் கட்டுப்பட்டவன் அவையின் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவனே, வழக்கு முடிந்தது என்றார் நம்பியார். பூதனார் அதை ஏற்கவில்லை. விசாரிக்கும் உரிமை எமக்கு வந்தது மெய், அதனாலேயே எம் சட்டம் செல்லும் என்றாகாது. இரவல் பேசியது மலையில், மலைமுறைக்கு ஒப்பிப் பெற்றவர் நீரே, ஆகவே இக்கன்றுக்கு மலைமுறையே செல்லும் என்றார். எங்கள் முறையோ ஏட்டில் இல்லை, வாய்வழியாக வருவது. அதை அறிந்தவன் அந்த அவையில் தேக்கன் ஒருவனே. வழக்காடுபவனே சட்டமும் சொல்வதா என்று நம்பியார் முணுமுணுத்தாராம். அவர் இடத்தில் யார் இருந்தாலும் முணுமுணுத்திருப்பார்கள்.

கன்று தாயோடு தாயின் நாட்டுக்கே போகும் என்று தேக்கன் முதலில் சொன்னான். அவ்வளவோடு நிறுத்தியிருந்தால் கேட்பாரில்லை. கருவிளை வெளியே பிளிறுவது அவையினுள்ளும் கேட்டுக்கொண்டிருந்தது. தேக்கன் பிடரியைச் சொறிந்தான். பிறகு, “இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்க சாமி. கன்னு விழுந்த மண்ணுக்கும் பங்கு உண்டு. பால் மறந்த பிறகு அந்த ஊருக்காரங்க கேட்டா, வருசா வருசம் கோடைக்கு அதை அனுப்பி வைக்கணும். இல்லேன்னு சொல்லக்கூடாது” என்றான். சொல்லிவிட்டுப் பிளிறல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தான் என்று தூதர் எழுதியிருக்கிறார்.

தனக்குப் பாதகமானதையும் மறைக்காதவன் சாதகமாகச் சொன்னதையும் நம்பலாம் என்றார் பூதனார். கன்றை அப்போதே அவிழ்க்கச் சொன்னார், பால் மறந்தபின் கோடைப் பங்கைக் கேட்கும் உரிமையை நம்பியாருக்கு உறுதி செய்தார். ஓர் அயல்நாட்டுப் பாகனின் வாய்ச்சொல்லை எங்கள் மலையின் சட்டமாக ஏற்றுத் தம் ஊர்க் கோயிலுக்கு எதிராகவே தீர்ப்புரைத்த அப்பெரியவருக்கு அரசியாரின் நன்றி உரித்தாகுக. அன்று மாலையே கருவிளை கரும்பு தின்றது என்பதையும் அவருக்குத் தெரிவித்தருள்க.

ஊர் திரும்பிய தேக்கன், ஒரு வார்த்தை அதிகம் பேசிக் கெடுத்துவிட்டேன் என்று அரசியார் முன் தலைகுனிந்து நின்றான். அந்த ஒரு வார்த்தையால்தான் நம் முறைக்கு அந்நாட்டில் மதிப்பு வந்தது என்று அரசியார் அவனைத் தேற்றினார்.

கன்று பால் மறந்துவிட்டது. தங்களிடமிருந்து கேட்டு இன்னும் ஓலை வரவில்லை. கேட்கக் கூசுகிறீர்கள் என்று எண்ணுகிறோம். ஆகவே கேளாமலே அனுப்புகிறோம். இக்கோடைக்குத் தேக்கன் கன்றோடு கீழிறங்குவான். எங்கள் எல்லைக் காவலர் வழிவிட ஆணையாயிற்று. தங்கள் காவலரும் தடுக்காதிருக்க அருள்க.

மலைமுகடும் மூங்கிலும் பொறித்த அரசியாரின் இலச்சினை இட்டு முடிக்கும் வேளையில் இன்னும் ஒன்று. கன்றுக்கு இங்கே விழா எடுத்து, மலைமுடிக் களிறு என்று அரசியார் பட்டப்பெயர் சூட்டினார். அது செவிகூட அசைக்கவில்லை. தங்கள் ஊர்ப் பிள்ளைகள் அது பிறந்த இடத்தை வைத்து அழைத்தார்களாமே, வாய்க்காலான் என்று. அப்படிக் கூப்பிட்டால்தான் ஓடி வருகிறது. ஆகவே எங்கள் யானைக்கொட்டிலின் ஏட்டில் அந்தப் பெயரையே எழுதும்படி அரசியார் கட்டளையிட்டார். எழுதியாயிற்று.