நான் தப்பாக வாசித்த நாலு எண்

போன செவ்வாய்க்கிழமை காரின் நாலு டயரையும் மாற்றினேன். இராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் புதிதாக வந்திருக்கும் கடை. கழற்றிய டயர்களைச் சுவரோரம் சாய்த்து வைத்தபோது அந்த ரப்பர் வாடை எழுந்தது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. கடைக்காரர் டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் துடைத்து, அங்கே பொறித்திருந்த எண்ணை வாசித்தார்.

"ஒண்ணு எட்டு ரெண்டு மூணு. இருபத்து மூணாம் வருஷம், பதினெட்டாவது வாரம் செஞ்சது. இந்த மாதிரி பவர் வண்டியில முன் டயர் இம்புட்டு நாள் தாங்காது சார். பாத்துப் போட்ருக்காவ. யாரு கடை?"

உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீ போன பிறகும் உன் விஷயத்தில் எனக்கு ஓடத்தான் தெரிகிறது. அன்றைக்கே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். உட்காருவதற்கு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கி நேராக ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் டயர் கடை வாசலுக்கு அந்தக் காரை ஓட்டி வந்த நாள் நினைவிருக்கிறது. பேண்டேஜ் துணி நெய்து விற்கிற நாற்பத்தாறு வயசு ஆளுக்கு டர்போ எஞ்சின் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அது போதாதென்று, வாங்கிய ஊரிலேயே ஒருவரிடம் கொடுத்து எஞ்சின் கம்ப்யூட்டரில் பவரையும் ஏற்றியிருந்தேன். மிதித்தால் முன் டயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றும். கத்தும், புகையும், ஸ்டீயரிங் கையை விட்டுத் திமிறும். வண்டி மட்டும் நகராது. பக்கத்தில் நின்ற டவுன் பஸ் நிதானமாக என்னைத் தாண்டிப் போகும்.

பாரம் ஏற்றினால் பிடிக்கும் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தேன். நீ டிக்கியைத் திறந்தாய். உள்ளே எங்கள் தறி யூனிட்டின் பேண்டேஜ் துணி மூட்டைகள் இரண்டு. அந்த ஒரு நாள் நீ சிரித்த சிரிப்பு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் சேர்ந்து சிரித்ததை விட அதிகம்.

"ஏலே, எஞ்சின் எங்க இருக்கு? முன்னால. இழுக்குற சக்கரம்? அதுவும் முன்னால. நீ பின்னால மூட்டையப் போட்டா மூக்கத் தூக்கிக்கிட்டுல்லா நிக்கும்! பின் சக்கரம் தள்ளுற ஜீப்புக்குப் பண்ண வேண்டியத இதுக்குப் பண்ணிருக்க."

பிறகு சொன்னாய்: "நீ மிதிச்ச ஒடனே வண்டிப் பாரம் பூரா பின்னால சாயுது. முன் டயரு ரோட்டத் தொட்டும் தொடாமயும் நிக்கி. அப்பப் போயி எம்புட்டு பவரு குடுத்தாலும் சுத்தத்தான் செய்யும்."

அன்று முழுக்க நீ வேறு வண்டியைத் தொடவில்லை. பெட்ரோல் பங்கில் அளவுக்கு மீறி அடித்திருந்த காற்றை, கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சொன்ன அளவுக்கு இறக்கினாய். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்ததைக் காட்டி மாற்றினாய். ஈரத்தில் பிடிக்கும் டயராகத் தேடி வரவழைத்துப் பூட்டினாய். அப்புறம் என் செருப்பைக் கழற்றச் சொல்லி, வெறுங்காலோடு வத்திராயிருப்பு ரோட்டில் ஓட்ட வைத்தாய். "மிதிக்காத, ஊட்டு. பிள்ளைக்குச் சோறு ஊட்டுறாப்ல. டயரு எப்ப நழுவுதுன்னு ஒன் பாதத்துக்கே தெரியும்."

நீ எனக்குச் சொன்னவை நாலுதான். முதல் இரண்டு கியரில் மட்டும் பவரைக் குறைத்து எஞ்சின் கம்ப்யூட்டரில் எழுதச் சொல். ஸ்டீயரிங்கை நேராக்கிவிட்டு மிதி. சக்கரம் வெறுமனே சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் டிராக்ஷன் பட்டனை ஒருநாளும் அணைக்காதே. நாலாவதைச் சொன்னபோதுதான் நான் முறைத்தேன்.

"ஈரச் சரிவுல ஏறலைன்னா மல்லுக்கட்டாத. வண்டியத் திருப்பி ரிவர்ஸ்ல ஏத்து. பாரம் பூரா இழுக்குற சக்கரத்து மேல வந்துரும்."

"ரிவர்ஸ்லயா? பாக்குறவன் சிரிப்பான் மாப்ளே."

"சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறான். நீ மேல போயிருவல்லா?"

நாலில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. பட்டனை அணைத்தேதான் வைத்திருந்தேன். டயர் கத்துவது எனக்குப் பிடித்திருந்தது. கேட்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் இல்லையா.

ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் யூனிட் கேட்டுக்குள் ஏறும் சிமென்ட் சரிவில் பாசி பிடித்திருந்தது. பக்கத்து சீட்டில் சென்னையிலிருந்து வந்திருந்த என் மச்சினன். ஷிப்ட் முடிந்த பெண்கள் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றார்கள். பாதிச் சரிவில் முன் சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. நீ சொன்னது எனக்கு நினைவு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே வந்தது. அப்போது ஒரு பெண், "மொதலாளி வண்டி ஏற மாட்டேங்குல்லா" என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவர்கள் முன்னால் புட்டத்தைக் காட்டிக்கொண்டு ஏறுவதா என்று, ஸ்டீயரிங் பாதி திரும்பியிருக்கும்போதே முழுதாக மிதித்தேன். ஒரு டயருக்கு மட்டும் பாசியில்லாத சிமென்ட் கிடைத்துச் சட்டென்று பிடித்தது. வண்டி பக்கவாட்டில் பாய்ந்து கேட் தூணில் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. விளக்கும் கதவும் நசுங்கின.

"டயர் பழசா இருக்குமோ அத்தான்?" என்றான் மச்சினன்.

என்னைக் காப்பாற்ற அவன் போட்ட கயிறு அது. மழையிலேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து டயரில் எண்ணைத் தேடினேன். 1823. ஏதோ ஒரு வீடியோவில் அரைகுறையாகக் கேட்டிருந்தேன், இரண்டு எண் வருஷம், இரண்டு எண் வாரம் என்று. எது முதலில் என்று தெரியாது. பதினெட்டுதான் வருஷம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படியென்றால் ஐந்து வருஷப் பழைய டயர். குற்றவாளி கிடைத்துவிட்டான், அது நான் இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எண்ணைப் படம் எடுத்து எங்கள் ஊர் பேண்டேஜ் முதலாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கூடவே என் குரலில் ஒரு செய்தி. "நம்ம ஃப்ரெண்டு கடைன்னு நம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அஞ்சு வருஷப் பழைய டயர என் தலையில கட்டிட்டான். யாரும் அந்தப் பக்கம் போயிராதீங்க." எண்பது பேருக்கு மேல் இருக்கும் குழு அது. ஒருவருக்கும் அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை, அல்லது வாசித்துப் பார்க்கத் தோன்றவில்லை. உன்னிடம் வந்துகொண்டிருந்த எங்கள் ஊர் வேன்களும் கார்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

நீ இரண்டு முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன்.

"ஏதோ சொன்னியாம்ல மாப்ளே?"

"பேச ஒண்ணுமில்ல."

"இல்லலே, வண்டியக் கொண்டு வா. அந்த நம்பர எப்படி வாசிக்கதுன்னு காட்டுதேன். செத்த நேரந்தான்."

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று வைத்துவிட்டேன்.

கார்த்திகையில் மதுரைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சரி செய்தேன். அங்கே பட்டறைக்காரரிடமும் இதே கதையைச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். "மொதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம் சார். இது இந்த வருஷம் செஞ்ச புது டயரு. யாரையாவது திட்டிக் கிட்டி வச்சிறாதீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 

திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் உன் கடை வழியாகத்தான் வந்தேன். பகல் வேளை. சக்கர அலைன்மென்ட் பார்க்கும் மேடையில் வண்டி எதுவும் இல்லை. நீ ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். வேகத்தைக் குறைத்தேன். இறங்கினால் உன்னிடம் சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்வது பெரிய காரியமில்லை, நீ இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி டீ வாங்கித் தந்திருப்பாய். அந்த எண்பது பேரிடமும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டுமே. நிற்காமல் வந்துவிட்டேன். பொங்கல் கழியட்டும் என்றேன். பிறகு மாசி கழியட்டும் என்றேன்.

பங்குனியில் உனக்கு நெஞ்சுவலி. மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். மாலை வாங்கிக்கொண்டு உன் தெரு முனை வரை வந்தேன்.  நம்மோடு படித்த ஒருவன் கையில் மாலையைக் கொடுத்து அனுப்பிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ சொன்னதையெல்லாம் செய்தேன். முதல் இரண்டு கியரில் பவரைக் குறைத்து எழுத வைத்தேன். பட்டனைத் தொடுவதில்லை. மழை நாளில் எல்லோரும் பார்க்க ரிவர்ஸில் ஏறுகிறேன், ஒருவரும் சிரிப்பதில்லை. அந்த டயர்கள் இத்தனை நாள் உழைத்தது அதனால்தான். இதைக் கேட்டு நீ மகிழ்வாய் என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே குழுவில் மறுபடி பேசினேன். டயர் புதுசுதான், நான்தான் தப்பாக வாசித்தேன், அவன் யாரையும் ஏமாற்றியவன் இல்லை என்றேன். மூன்று வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் கேட்டார்: "அந்தக் கடை எங்க இருக்கு அண்ணாச்சி? என் வண்டிக்கும் டயர் பாக்கணும்."

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். கொண்டுவந்த காப்பியைத் தொடாமல், எண்ணைத் தப்பாக வாசித்து உன்மேல் பழி போட்டதைச் சொன்னேன். தங்கச்சி அழவில்லை, ஏசவும் இல்லை.

"அந்த வாய்ஸ் எனக்கும் வந்துச்சு அண்ணே. யாரோ அனுப்புனாவ. நாந்தான் அழுதேன். அவியளுக்குக் கோவமே இல்ல. 'அவன் வேணும்னு சொல்லலட்டி, தப்பா வாசிச்சிட்டான். தெரிஞ்சா அன்னைக்கே ஓடி வருவான்'னாவ."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் தப்பாக வாசித்தவன் என்ற அளவோடு எழுந்து வந்திருக்கலாம். அதற்கும் மேல் உன் வீட்டில் பொய்யாக உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"எனக்கு கார்த்திகையிலயே தெரியும் தங்கச்சி" என்றேன்.

 தங்கச்சி கட்டைவிரலால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். "மார்கழி, தை, மாசி… அவிய போனது பங்குனில்லா?" என்றாள். "நாலு மாசம் இருந்திருக்கு அண்ணே."

ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்து ரோடு. நான் ஓடி வருவேன் என்று அந்த நாலு மாதமும் நீ நம்பிக்கொண்டிருந்திருக்கிறாய்.