பின்பக்கத்து விமானங்கள்

கொட்டகலை ஸ்டேஷன் மேடையில் நேற்றுக் காலை தேயிலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றின் மேல் தோட்டத்துப் பெயர் ஒற்றிய மை இன்னும் காயவில்லை. விளக்குக்கரியும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. அது உன் கை வாடை. நீ சோறு பிசையும்போதுகூட அது போகாது. நீ செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. தொழிற்சங்க ஆபீசுக்கு நேரமாகிவிட்டது தெரிந்தும் நான் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். பிறகு ஆபீசுக்குப் போனேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல வேறு ஆள் இல்லை.

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நம் ஸ்டோரில், நான் பெட்டிக்கு ஆணி அடிப்பேன். நீ தகரத்தில் எழுத்து வெட்டி, அதைப் பலகைமேல் வைத்து மை ஒற்றுவாய். நம் தலைக்கு மேலே சுவரில் யுத்தக் காலத்து அட்டை ஒன்று தொங்கியது. வானத்தில் போவது நம் பக்கத்து விமானமா எதிரி விமானமா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள, கறுப்பு நிழலுருவங்களாக அச்சடித்த அட்டை. யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் தோட்டங்களை வைத்துக்கொண்டு நாட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனான். புதிய அரசாங்கம் வந்த கையோடு, நாம் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று சட்டம் எழுதியது. அட்டையை மட்டும் யாரும் கழற்றவில்லை.

அதைப் பார்த்துப் பார்த்து நீ விமானம் வெட்ட ஆரம்பித்தாய். பெட்டிக்குள் விரிக்கிற கனத்த காகிதத்தை மடித்து, மடிப்போரமாகப் பாதி உடம்பும் ஒரு இறக்கையும் வெட்டி விரித்தால் முழு விமானம். ஒருநாள் ஸ்டோரை மேய்க்கிற டீமேக்கர் வருகிற அவசரத்தில், காகிதம் மடித்திருப்பதை மறந்து முழு விமானத்தையும் வெட்டிவிட்டாய். ஒரு இறக்கையின் நுனி மடிப்பில் இருந்தது. விரித்தால் இரண்டு உடம்பு, நடுவில் ஒரே இறக்கை.

“கெடுத்துட்டியேடா. ஒட்டிப் பொறந்த புள்ளைங்க மாதிரி இருக்கு,” என்றேன்.

நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். “கெடலடா. இது பறக்கும்,” என்றாய்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அட்டையிலிருந்த ஹரிகேன் விமானம் இரண்டை ஒன்றாக்கினாய். கடலில் இறங்குகிற கட்டலினாவுக்கு இரண்டு வயிறு வைத்தாய். யுத்தம் இன்னும் இரண்டு வருஷம் ஓடியிருந்தால் இதையெல்லாம் கட்டாயம் கட்டியிருப்பார்கள் என்று சாதித்தாய். பிறகு மடிக்காமலே வெட்டினாய். உடம்பு இடது பக்கம் ஒதுங்கியிருக்கும். ஓட்டுகிறவனின் கூண்டு வலது இறக்கைமேல் தனியாக உட்கார்ந்திருக்கும். பார்த்தாலே எனக்குக் கழுத்து வலிக்கும்.

“இது ஒரு பக்கமா கவுந்துடாதா?”

“ஒத்தத் தோள்ல உர மூட்ட தூக்குறவன் கவுந்தா போறான்? சாஞ்சு நடக்குறான்ல? அதுமாரி இதுவும் சாஞ்சு போவும்.”

இரட்டை ஹரிகேனில் இரண்டு கூண்டு இருந்தது. ஓட்டுகிற ஆள் எதில் என்று கேட்டேன். இடதில் என்றாய். அப்போது வலதில் இருப்பவன் யார்?

“அவன் சும்மா. எடைக்கு.”

“சும்மான்னா?”

“அவன்கிட்ட திருப்புற கம்பி இல்ல. குதிக்கக் கதவும் வைக்கல. அவன் எங்க கொண்டு போறானோ இவனும் போவான்.”

சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் எரிச்சலோடு, “குண்டு போடுற சாமானுக்கு இம்புட்டு அழகு பாக்குறியே, அது விழுந்தா நாம குடியிருக்கிற லயத்து மேலதான்டா விழும்,” என்றேன். “தொர பங்களா சிவப்புக் கூரை, நல்லாத் தெரியும். மொதல்ல அங்கதான்,” என்றாய். அதற்கு நானும் சிரித்தேன்.

வெட்டிய இந்த விமானங்களை அச்சாக வைத்து நீ எதன் மேல் மை ஒற்றினாய் என்பதில்தான் எல்லாம் இருந்தது. தேயிலை உலர்த்துகிற அடுப்பு பற்றவைக்க ஆபீசிலிருந்து பழைய காகிதங்கள் சாக்கில் வரும். பெரும்பாலும் செக்ரோல் தாள்கள். யார் யார் எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் வாரியாகக் குறித்தவை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். எரிப்பதற்கு முன் நீ அவற்றை உருவி, படம் ஒற்றி, உன் பெட்டியில் சேர்த்து வைப்பாய். முன்பக்கத்தில் உன் அப்பாவின் பெயரும், அம்மாவின் பெயரும், யுத்தக் கடைசியில் பெயர் பதிந்த உன்னுடையதும் மாதாமாதம் இருந்தன.

பிரஜாவுரிமை விசாரணைக்கு உனக்குக் கடிதம் வந்தபோது உன் மகன் கைக்குழந்தை. இத்தனை வருஷம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததற்குச் சாட்சி கொண்டுவா என்று எழுதியிருந்தது. நம் அப்பன் பாட்டன் வெட்டிய ரோட்டில் காரில் வருகிறவன் நம்மிடம் சாட்சி கேட்கிறான். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரிடம் அத்தாட்சிக்கு ஆறு தடவை போனாய். ஆறு தடவையும் நாளைக்கு வரச் சொன்னான். விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. அப்போதுதான் நான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் சொன்னேன்.

“ஒன் பெட்டியில இருக்கே, செக்ரோல். அதவிட என்ன சாட்சி வேணும்?”

“பின்னால படம் இருக்குடா.”

“வேற தாள் ஒட்டி மறைச்சிடலாம்.”

“ஒட்டுனா படம் போயிடும்.”

“அப்ப ஒட்ட வேணாம். பின்பக்கத்த எவன்டா திருப்பிப் பாக்கப் போறான்?”

நீ தயங்கினாய். நான் விடவில்லை. சாக்குத் தைக்கிற ஊசியால், மாதம் தப்பாமல் அடுக்கி, நானே தைத்துக் கட்டாக்கிக் கொடுத்தேன்.

விசாரணை அறையில் நான் உனக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தேன். விசாரிக்கிற ஐயா முதல் தாளைத் தூக்கியதும் மை முன்பக்கம் ஊறித் தெரிந்தது. திருப்பினார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். பிறகு ஒற்றை இறக்கையில் இரண்டு உடம்பு இருந்த தாளை மொழிபெயர்க்கிறவரிடம் நீட்டினார்.

“இது எந்த நாட்டு விமானமாம்?” என்று மொழிபெயர்க்கிறவர் உன்னைக் கேட்டார்.

“எந்த நாட்டுதும் இல்லீங்க. நானா நெனச்சுப் பாத்தது.”

அதை அவர் சிங்களத்தில் சொன்னதும் அறையே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் நினைத்தேன். சிரிப்பு அடங்கியதும் ஐயா அடுத்த கேள்வி கேட்டார். தோட்டத்து ஆபீஸ் காகிதம் உன் கைக்கு எப்படி வந்தது?

எரிக்கப் போட்டது என்று சொன்னாய். அவர் எழுதிக்கொண்டார். கட்டு மேசையிலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து இரண்டு வாரம் நீ விமானம் எதையும் வெட்டவில்லை. ஆபீஸ் பையன் ஸ்டோர் வாசலில் தலைகாட்டும் போதெல்லாம் உன் கை நின்றுவிடும். நான் ஆணியைத் தவறவிட்டு விரலில் அடித்துக்கொள்வேன்.

பிறகு ஒரு விடியலில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குத் தோட்டத்துத் தொரை வந்தான், விசாரணை ஆபீசிலிருந்து அனுப்பிய, நான் தைத்த கட்டோடு. ஆபீஸ் காகிதத் திருட்டு. அதோடு விண்ணப்பமும் தள்ளுபடி.

“கூட யாரு?” என்று பெரிய கிளாக்கர் கேட்டான்.

“யாரும் இல்லீங்க.”

“இது யாரு தச்சது?”

“நான்தாங்க.”

நீ சாக்கு ஊசியை வாழ்நாளில் தொட்டதில்லை. ஸ்டோரில் சாக்குத் தைப்பதும் நான்தான், அந்தத் தையல் யாருடையது என்று ஸ்டோர் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். நான் உனக்கு நாலு ஆள் தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அம்மா இருந்தாள், எனக்கும் விசாரணை வர இருந்தது என்று பிறகு பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பயம்தான். வேறொன்றுமில்லை. உன் கையில், வேலையைவிட்டு நீக்குகிற பத்துச்சீட்டைத் திணித்தார்கள். மூன்று நாளில் லயத்தில் நீ குடியிருந்த காம்பராவைக் காலி செய்தாய். திருட்டு என்று எழுதிய சீட்டைப் பார்த்து எந்தத் தோட்டமும் உன்னைப் பெரட்டில் சேர்க்கவில்லை.

உடப்புசல்லாவைப் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனாய். இரண்டாம் வருஷம் மழையில் மலை சரிந்தது. நானுஓயாவிலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது மண்ணைத் தோண்டி முடித்திருந்தார்கள். உன் மனைவி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள்தான் நேற்று சங்க ஆபீசில் உட்கார்ந்திருந்தாள். நம் தலைகளை எண்ணிப் பங்கு போட்டு, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று இந்தியாவும் இலங்கையும் கையெழுத்துப் போட்டுவிட்டன. சனங்களுக்கு ஃபாரம் நிரப்புவதுதான் இப்போது என் வேலை. உன் மகன் அவள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான்.

“இந்தியாவுக்கா, இங்கயே இருக்கவா, தங்கச்சி?”

“எதுல கேள்வி கம்மியோ அதுல எழுதுங்கண்ணே.”

பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. அந்த மை வாடை இன்னும் மூக்கிலேயே இருந்தது. “அந்தத் தாளக் கொண்டுபோகச் சொன்னது நான்தான். தச்சுக் கொடுத்ததும் நான்தான்,” என்றேன்.

அவள் ஃபாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்ண்ணே. வெளிய சொன்னா ஒங்களையும் வெரட்டிடுவாங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனாரு. என்னைக்காவது நீங்களே வந்து சொல்லுவீங்கன்னாரு. காம்பராவக் காலி பண்ணுன அன்னைக்கு சாயந்தரம் வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாரு.”

பையன் என்னையே பார்த்தான். அவள் ஃபாரத்தை என் பக்கம் நகர்த்தி, “எழுதுங்க, பஸ் போயிடும்,” என்றாள்.

கேள்வி கம்மியாக இருந்தது இந்தியா ஃபாரத்தில்; அங்கே சொந்த ஊர் எது என்று கேட்டேன். திருச்சிப் பக்கம் என்று மட்டும் தெரிந்திருந்தது. திருச்சி என்று எழுதினேன். அவள் கைநாட்டு வைத்தாள். தாள்களை அடுக்கி, ஓரத்தில் குத்தித் தைத்துக் கொடுத்தேன்.

உன் குடும்பத்துக்காக நான் தைத்த இரண்டாவது கட்டு அது. முதலாவது உங்களைத் தோட்டத்தைவிட்டு இறக்கியது. இது அவர்களை எங்கே கொண்டுபோய் இறக்கும் என்று எனக்குத் தெரியாது.