ஞாயிறு மதியத்து லைன்

11.2.73, ஞாயிறு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னை வெளியூர்க் கால்களுக்கான டிரங்க் போர்டுக்கு மாற்றி ஒரு வாரம் ஆகிறது. உள்ளூர் போர்டில் இருந்தவரை ஞாயிறு மதியம் என்றால் கொட்டாவிதான். இன்று நாகர்கோவில் லைனில் விளக்கு எரிந்தது. வெளியூர்க் கால் என்று எடுத்தால் ஒரு பெண் குரல்: "தூத்துக்குடியா? குரல் புதுசா இருக்கு. மக்கா, நீ தொடர்கதை படிப்பியா?"

படிப்பேன் என்றேன்.

"அப்ப சொல்லு. பால்ல விஷம் வச்சது யாரு?"

ஆபீஸ் லைனில் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "டாக்டர்தான்" என்றேன். உடனே நடுவில் ஓர் ஆண் குரல், "அதெப்படி டாக்டரு? அண்ணன்காரன்லா வச்சான்!" திருச்செந்தூர் எக்ஸ்சேஞ்ச்காரராம். அதுவரை மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. அம்மா, "ஏளா பிளாரன்ஸ், பூசைக்கு வராம ஆபீஸ் போனவளுக்கு மூஞ்சியில என்ன இம்புட்டு வெளிச்சம்?" என்றாள்.

18.2.73, ஞாயிறு

இப்போது எல்லாரையும் தெரியும், குரலாக. நாகர்கோவிலில் கிருபாபாய். கோவில்பட்டியில் சண்முகத்தாய், சின்னப் பெண், 'அக்கா' என்று இழுப்பாள். திருச்செந்தூரில் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி. ஆனால் லைனில் பேரே கிடையாது, ஊர்தான். "கோவில்பட்டி இருக்கியா?" "இருக்கேன், தூத்துக்குடி."

இந்த ஞாயிறு அரட்டைக்குத் தலைவர் யார் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். யாருக்கு லைன் சும்மா கிடக்கிறதோ அவர் அடுத்தவரைக் கோத்துவிடுவார், அவ்வளவுதான். கால் வந்தால் பாதிப் பேச்சில் போய்விடலாம், யாரும் கோபிக்கக் கூடாது. பத்திரிகை திருச்செந்தூருக்கு ஒரு நாள் பிந்தித்தான் வரும். அதனால் ஞாயிறு மதியத்துக்கு முன்னால் கதையை வெளிவிடக் கூடாது. இதற்கு மட்டும் கண்டிப்பு.

4.3.73, ஞாயிறு

கதை பேசி முடிந்தால் ஆடு புலி ஆட்டம். ஆளுக்கொரு கட்டம் வரைந்து, கோடு கூடுமிடத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கிறோம். காய்க்குப் புளியங்கொட்டை. அண்ணாச்சி எப்போதும் புலிதான். "புலி ஒன்பதுக்குப் போவுது." நாங்கள் மூன்று பெண்களும் ஆடு. இன்று அவரை மூலையில் அடைத்துவிட்டோம். "மூணு ஊரு சேந்து ஒத்த மனுசனை இப்படிப் பண்ணுதீயளே" என்று ஒரே புலம்பல்.

5.3.73

புளியங்கொட்டையைக் குசினியிலிருந்து எடுத்தது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

22.3.73, வியாழன்

இன்று ஒரு உப்பு வியாபாரிக்கு வேறு யாருடைய குடோனுக்கோ லைன் கொடுத்துவிட்டேன். கத்தினார். நம்பரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் காதில் சரியாக விழவில்லை.

ஹெட்செட்டை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றி ரொம்ப நாளாகிறது. இப்போதுதான் எழுதுகிறேன்.

1.4.73, ஞாயிறு

அண்ணாச்சி இன்று "புலி பதினொண்ணு... பதினொண்ணு" என்றார். அடுத்த தடவையும் அப்படியே. வயசாகிவிட்டது போலும் என்று நினைத்தேன். பிறகு கிருபாபாய் கதையில் வரும் அண்ணன்காரனைத் திட்டும்போது கவனித்தேன், திட்டைக்கூட இரண்டு தரம் திட்டுகிறாள். சண்முகத்தாயும் அப்படித்தான்.

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னாலேயே. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன். துக்கமா அது? தெரியவில்லை.

6.4.73, வெள்ளி

காது டாக்டர் சொல்லிவிட்டார். வலது காது போயே போச்சு. இடது காதும் இறங்குகிறதாம். "ஹெட்செட்டை விட்டுடுங்க, இருக்கிறதையாவது காப்பாத்தலாம்." விட்டால்? பில் செக்‌ஷனில் போடுவார்கள். சம்பளம் அதே சம்பளம்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை?

முப்பத்தாறு வயதில் எனக்கு மூணு ஊரில் மனுஷர்கள் கிடைத்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லையே, மாதாவே.

யாரிடமும் சொல்லப்போவதில்லை.

22.4.73, ஈஸ்டர்

கிருபாபாய் லைனில் அல்லேலூயா பாடினாள். சண்முகத்தாய் தாளம் போட்டாள். நன்றாகக் கேட்டது என்றேன். பாதிதான் கேட்டது.

3.5.73, வியாழன்



கோவில்பட்டியிலிருந்து அர்ஜென்ட் கால். ஒரு ஆள் அழுதுகொண்டே நம்பர் சொன்னான். பெண்டாட்டிக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை, இங்கே ஆசுபத்திரியில் இருக்கிற டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும். எட்டு என்றிருக்கிறான், எனக்கு ஏழு என்று விழுந்தது. கொடுத்தேன். மறுமுனையில் ஐஸ் பாக்டரி. அந்த ஆள் "டாக்டரம்மா, டாக்டரம்மா" என்று கெஞ்சுகிறான், ஐஸ்காரன் "எத்தன பார் ஐஸ் வேணும்?" என்கிறான்.

சண்முகத்தாய் குறுக்கே விழுந்தாள். "தூத்துக்குடி! எட்டு! ஆசுபத்திரி! எட்டுக்கா!" இரண்டு எக்ஸ்சேஞ்சுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். பிளக்கை மாற்றினேன். டாக்டரம்மா எடுத்துவிட்டார்.

சாயங்காலம் சண்முகத்தாயே கூப்பிட்டாள். "தாயும் பிள்ளையும் நல்லாருக்காவ அக்கா. நல்லாருக்காவ. நீங்க ஒண்ணும் மனசுல வைக்காதீங்க, நாங்க பாத்துக்கிடுதோம். சத்தமா சொல்லுதோம்."

அவள் எப்போதும் லைனில் இருப்பாளா? அவள் இல்லாத நேரத்தில் வேறொருத்தன் அழுதுகொண்டு வந்தால்?

4.5.73, வெள்ளி

சூப்பர்வைசர் அம்மாவிடம் நானே போய்க் காதைப் பற்றிச் சொன்னேன். நேற்று நடந்ததையும் சேர்த்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதிக் குடுத்தா திரும்ப போர்டுல உக்கார முடியாது. யோசிச்சியா பிளாரன்ஸ்?"

"யோசிச்சுட்டேம்மா."

போர்டைவிட்டு எழுவதற்கு முன்னால் மூன்று ஊரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அண்ணாச்சி, "நல்ல காரியம் பண்ணுனே தாயி. நல்ல காரியம்" என்றார். ஹெட்செட்டைக் கொக்கியில் மாட்டினேன்.

13.5.73, ஞாயிறு

லீவு. மதியம் முழுவதும் தூங்கப் பார்த்தேன்.

20.5.73, ஞாயிறு

பத்திரிகை வந்திருக்கிறது. பிரிக்கவில்லை. அம்மா இரண்டு தரம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். படித்து யாரிடம் சொல்ல?

27.5.73, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் ஒரு குண்டு அம்மாள் குடையும் பையுமாக நிற்கிறாள். யாரென்று தெரியவில்லை. கிட்டே வந்து என் இடது காதில் வாயை வைத்து, "மக்கா, டாக்டர் இல்லேன்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா?" என்றாள்.

கிருபாபாய்! இவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்தா அந்த மெல்லிய குரல் வந்தது?

நான் கதையைப் படிக்கவில்லை என்றதும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். நான் படித்து முடிக்கும்வரை அம்மாவோடு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு சாயங்காலம் பஸ் ஏறும்வரை சண்டைதான்.

10.6.73, ஞாயிறு

இன்று சண்முகத்தாய். கூடவே அண்ணாச்சியும் வந்துவிட்டார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாதாம், வாசலில்தான் பார்த்துக்கொண்டார்கள். அவர் குரலில் மட்டும்தான் புலி, ஆள் ஒல்லிக்குச்சி. பேச வெட்கம் வேறு. சண்முகத்தாய் அவரைப் பார்த்துச் சிரித்ததில் அம்மா போட்ட காபி சிந்திவிட்டது.

"யாரு உங்களையெல்லாம் வரச் சொன்னா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் எனக்குக் கேட்கும்படி உரக்க, "யாரு சொல்லணும்? சும்மா கெடந்தோம், வந்தோம்" என்றார்.

5.8.73, ஞாயிறு

பனிமய மாதா கோயில் திருவிழா. மூவரும் வந்திருந்தார்கள். கூட்டத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. சண்முகத்தாய் என் கையைப் பிடித்தபடியே நடந்தாள்.

19.8.73, ஞாயிறு

இன்று எல்லாருக்கும் டியூட்டி, யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். அம்மாவுக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம்.

மதியம் கதவு தட்டுவதை அம்மாதான் கேட்டுச் சொன்னாள். அடுத்த வீட்டு மரியசெல்வி. இத்தனை வருஷத்தில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகவே சொன்னாள்: "அக்கா, நீங்க எல்லாரும் கத்துறது எங்க குசினி வரைக்கும் கேக்கு. போன வாரம் புதுக்கதை ஒண்ணு பேசினீங்கல்லா, நானும் வாங்கிப் படிச்சேன். அந்தத் தங்கச்சிக்காரி வீட்டை விட்டுப் போனது சரின்னா சொல்லுதீங்க? எனக்கு ஒப்பல."

பாயை விரித்தேன். "உக்காரு. ஏன் ஒப்பல, சொல்லு."