மாமன் மடி

கண்டி
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுபாஜினிக்கு அப்பா எழுதுவது. நீயும் தனுஜாவும் பேரன் முகிலனும் கனடாவில் குளிருக்கு நடுவே சுகமாயிருக்க முருகன் துணை. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

இங்கே விடாத மழை, கடையில் வியாபாரம் மந்தம், அம்மாவுக்கு முழங்கால் வலி. போனில் சொல்ல வாய் வராத ஒன்று, அதனால்தான் கடிதம். போன கிழமை நாவலப்பிட்டியிலிருந்து என் தங்கச்சி, உன் ரத்தினம்மா அத்தை வந்திருந்தாள். முகிலன் தானாகச் சோறு அள்ளிச் சாப்பிடுகிற வீடியோவைக் காட்டினேன். என்ன அழகா வளத்திருக்கா, கண்ணு பட்டுடும், சுத்திப் போடச் சொல்லுங்கண்ணே என்று பூரித்துப்போனாள். வாய் துடைத்துவிடுகிற பொண்ணு யாரு, வேலைக்கு வெச்சிருக்காளா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவளும் அவனுக்கு அம்மாதான், ரெண்டு பேரும் சேர்ந்துதான் குடும்பம் நடத்துறாங்க என்று சொல்லிவிட்டேன். போனைப் பிடுங்கி அதே வீடியோவை மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை பிள்ளை மெலிந்துவிட்டான், முகத்தில் களையில்லை, ஆம்பள இல்லாத வீட்டுல புள்ள ஏங்கிப் போயிருக்கு என்றாள். அதே சோறு, அதே சிரிப்பு, மகள்.

அத்தை வாய்வழியே இந்தப் பேச்சு உன் அண்ணன் பிரதீஸின் மாமனார் வீடுவரை போய்விட்டது. தைப்பூசத்துக்கு நீங்கள் வரும்போது கோயிலில் முகிலனுக்குக் காது குத்த இருந்தோமே, தாய்மாமனாக மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய பிரதீஸ், நான் உக்கார மாட்டேன், எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பாங்க என்கிறான். உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன். நான் கத்தினேன், அம்மா அழுதாள், அவன் அசையவில்லை. நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். மாமன் உயிரோட இருக்கையில தாத்தா உக்காந்தா சபையே பிள்ளையைத்தான் பாக்கும் என்றாள் அம்மா. அவள் சொன்னதும் சரிதான். அதனால் டிக்கெட் போடாதே, வராதே மகள். இதை என் கையாலேயே எழுத வேண்டி வந்ததே என்று நெஞ்சு வெடிக்கிறது.

அம்மா ஆசையாகச் செய்வித்த தோட்டை இதோடு அனுப்புகிறேன். பக்கத்துக் கடை ஹலீமின் மகள் கைரியா அங்கே திரும்பிப் போகிறாள், கொண்டுவந்து தருவாள். அங்கேயே குத்திவிடுங்கள். புண் ஆறும்வரை தேங்காய் எண்ணெய் தடவ மறக்காதே. தனுஜா மடியில் உட்கார வை, நீ கையைப் பிடித்துக்கொள். அழுவான், தூக்க ரெண்டு அம்மா இருக்கிறீர்கள்.

தனுஜாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம், மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் வாழவேண்டும். காது குத்துகிற வீடியோவை மறக்காமல் அனுப்பு. நானும் அம்மாவும் மட்டும் பார்ப்போம், யாருக்கும் காட்டமாட்டேன்.

உன் அப்பா
அழகமுத்து